முதல் கோடு

போர் ஓய்ந்த பதினெட்டாம் நாள் காலை, படைவீரர் குடியிருப்பின் கரும்பலகை முன்னால் மனைவிமார் நெருக்கியடித்து நின்றார்கள். செங்கமலத்தின் கணவன் பெயருக்கு எதிரே இத்தனை நாளும் எம்.ஐ.ஏ. என்றிருந்தது, காணவில்லை என்று அர்த்தம். ஹவில்தார் அதை அழித்துவிட்டுக் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அடுத்து எழுதுவது ஆங்கிலக் கே என்றால் ஆள் உயிரோடு இல்லை; பி என்றால் இருக்கிறான். இதெல்லாம் அங்கே குழந்தைகளுக்கே மனப்பாடம். செங்கமலம் பக்கத்து வீட்டு ரெஜினாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஹவில்தார் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். சாக்பீஸ் உடைந்தது. கே-வும் பி-யும் அந்தக் கோட்டில்தான் தொடங்குகின்றன. அவர் குனிந்து துண்டைத் தேடி எடுத்து, மறுபடி கோட்டின் உச்சியில் வைத்தார்.

“வளைக்கிறாருடி!” என்று ரெஜினா கத்தினாள். “பி! பி.ஓ.டபிள்யூ.!”

போர்க்கைதி. செங்கமலம் குதித்தாள். “எதிரி புடிச்சு வச்சிருக்கான்! எம் புருசன் ஜெயில்ல இருக்காரு!” யாரோ ஓடிப்போய்ச் சர்க்கரை கொண்டுவந்து அவள் வாயில் போட்டார்கள்.

அதற்குள் ஹவில்தார் அடுத்த வரிக்கு வந்து, ரெஜினாவின் கணவன் பெயருக்கு எதிரே இருந்த எம்.ஐ.ஏ.வையும் அழித்துவிட்டு ஒரு கோடு இழுத்திருந்தார். ரெஜினாவின் கை செங்கமலத்தின் கையைத் தேடியது.