வெறும் படகு

நகரத்துக் கடையை விற்றுவிட்டு, தீவில் நிம்மதியாக இருக்கலாமென்று மனைவியோடு வந்து இறங்கினேன். படகுக்காரர் கூலி வாங்கவில்லை.

"எனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டேன் சார்."

பேரம் பேசியே வளர்ந்தவன் நான். இலவசம் என்றாலே என் முகத்தில் சந்தேகம் வந்துவிடும். எங்களையும் சாமான்களையும் இறக்கிவிட்ட வெறும் படகு, வந்தபோது இருந்ததைவிட ஆழமாக அமிழ்ந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"இங்கேயும் உங்க சந்தேகமா? கால் வச்சதுமே எனக்கு உடம்பு லேசாயிடுச்சு," என்று சிரித்தாள் மனைவி.

நான் தண்ணீரில் இறங்கி ஓடினேன்.

"நில்லுங்கய்யா! எங்களைத் திரும்பக் கூட்டிட்டுப் போங்க! கேட்ட கூலி தர்றேன்!"

"இனிமே ஏத்த முடியாது சார், பாரம் தாங்காது!"

திரும்பிப் பார்த்தேன். மனைவி மரத்தடி வலை ஊஞ்சலில் ஏறிப் படுத்திருந்தாள். வலை துளியும் தொய்யவில்லை.