பக்கத்து வீட்டுப் பெட்டி

“மூச்சுக்கு வெல மூவாயிரமா சார்? ஒரு அண்டா பிரியாணிகூட வராது” என்றாள் சகாயமேரி.

ஐஸ் கம்பெனி மேனேஜர் ராமன் சிரித்தார். “மூச்சை யாரும்மா கேட்டா? மாடியில இருக்கிற பெட்டியைத்தானே கேட்டேன்.”

இருங்காட்டுக்கோட்டையில் அந்தத் தெருவுக்குள் டவர் சிக்னல் எட்டாது. கம்பெனியில் ஐஸ் உறையவைக்கும் அமோனியா வாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று குடித்தனக்காரர்களே காசு போட்டு, வீட்டுக்கொரு வைஃபை பெட்டி வைத்திருந்தார்கள். மொத்தம் முப்பத்திரண்டு. தலைமைப் பெட்டி என்று ஏதும் கிடையாது. சேதியை ஒன்று வாங்கி அடுத்ததிடம் கொடுக்கும். வாடை பிடித்தவர் போனில் தட்டினால் தெருவிலுள்ள எல்லாப் போனும் அலறும். நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்கிய அவள் புருஷன் யேசுராஜை, போன மாதம் எழுப்பிக் காப்பாற்றியது அந்த அலறல்தான்.

“ஒவ்வொரு அலறலும் தேதி நேரத்தோட பதிவாகுது. அதைக் காட்டி ஆபீசருங்க கேள்வி கேக்கறாங்க. உன் வீடு எங்க சுவரை ஒட்டி இருக்கு. உன்கிட்ட மட்டும்தான் கேக்கறேன்.”

“அஞ்சாயிரம்.”

படப்பையில் பார்த்த வீட்டு அட்வான்ஸுக்கு அவ்வளவுதான் குறைந்தது. இந்தத் தெருவை விட்டே போய்விடலாம்.

“சரி. யார்கிட்டயும் மூச்சு விடாத.”

மாடியேறிப் பெட்டியைக் கழற்றினாள். ‘ஒண்ணு போனாலும் பக்கத்து வூட்டுப் பெட்டி சுமந்துக்கும்க்கா’ என்று, பெட்டிகளை மாட்டித் தந்த இசைவாணி சொன்னதை நினைத்துத் தேற்றிக்கொண்டாள்.

கீழே பக்கத்து வீட்டு லீலா புது மிக்ஸியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, முந்தானைல மூட்டை?”

“தைக்கக் குடுக்கற துணி. மிக்ஸி ஏதுடி?”

“சீட்டு வுழுந்துச்சு” என்றாள் லீலா, தலை நிமிராமல். நல்லவேளை, சகாயமேரிக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

மறுநாள் மதியம், அட்வான்ஸ் பணத்தோடு தெருமுனையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றாள். காற்று திரும்பியது. மூக்கில் ஏறிய நெடி கண்ணைக் கரித்தது.

யேசுராஜ் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறான். வீட்டுக்கு ஒருவராவது அப்படித்தான் தூங்குகிறார்கள்.

போனை எடுத்துத் தட்டினாள். மறுபடி தட்டினாள். தெருவுக்குள் ஒரு போனும் அலறவில்லை. திரையைப் பார்த்தபடியே ஓடத் தொடங்கினாள்.

‘வேலை செய்யும் பெட்டிகள்: முப்பத்திரண்டில் பூஜ்யம்.’