படியிறங்கிய போணி

“சார், நாலாயிரத்து இருநூறு! இதுக்கு மேல ஒரு ரூபா கொறையாது, மேல வாங்க சார்!”

மாடிப்படியின் உச்சியில் நின்று பச்சைமுத்து கத்தினார். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் முதல் மாடியில் ஆம்ப்ளிஃபயர் கடை வைத்தவருக்குத் தொண்டைதான் மூலதனம். மணி பன்னிரண்டை நெருங்கியும் இன்னும் போணி ஆகவில்லை. வந்த ஒரே ஆளும் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

போணி விஷயத்தில் பச்சைமுத்துவுக்கு நிஜமாகவே பயம் உண்டு. முதலில் வந்தவர் வெறுங்கையோடு போனால் அன்று முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பது அவர் கண்ட அனுபவம். போன செவ்வாய்க்கிழமை அப்படி ஒருவர் போனார். அன்று இரண்டு மீட்டர் ஒயரைத் தவிர எதுவும் விற்கவில்லை.

இன்றைக்கு வந்தவரின் பெயர் குணசேகர் என்று கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டை சொன்னது. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து இன்னும் தூங்கவில்லையாம், கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் தலையில் எதையும் கட்டிவிடலாம் என்று நினைத்து, பெட்டியில் ‘5000 வாட்ஸ்’ என்று பெரிதாகப் போட்டிருந்ததை எடுத்து வைத்தார் பச்சைமுத்து. நாலாயிரத்து ஐநூறு என்று விலையும் சொன்னார். குணசேகர் அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இவ்ளோ லேசா இருந்தா உள்ள டிரான்ஸ்ஃபார்மர் சின்னதுண்ணா. ஐம்பது வாட்ஸ் வந்தாலே பெரிய விஷயம். ப்ளூடூத், பென்டிரைவ் எல்லாம் இருக்கட்டும், பேஸ் ஏத்தினா கடகடன்னு ஆடக் கூடாது. போட்டுக் காட்டுங்க.”

பாட்டு தொடங்கியது. “அப்படியே ஓடட்டும்ணா, சவுண்டைக் கொறைச்சிடாதீங்க” என்று சொல்லிவிட்டு குணசேகர் விறுவிறுவென்று படியிறங்கினார். அப்போதுதான் பச்சைமுத்து நாலாயிரத்து இருநூறுக்கு இறங்கியது.

இருபது வருடமாகக் கடை நடத்துகிறவருக்கு இந்த வித்தை தெரியாதா என்ன? விலை சொன்னதும் கிளம்புவார்கள், பின்னாலிருந்து கூப்பிடும் வரை மெதுவாக நடப்பார்கள். இந்த ஆளோ திரும்பியே பார்க்காமல் வேகமாக நடந்தார்.

கீழே ஒயர் கடை வைத்திருக்கும் முனிராஜ் குரல் கொடுத்தார். “பச்சைமுத்து, உன் கஸ்டமர் என் கடை முன்னாடி கண்ணை மூடிக்கினு நிக்கறாரு!”

மனக்கணக்குப் போடுகிறான் என்று பச்சைமுத்து பல்லைக் கடித்தார். ஒரு நிமிடத்தில் குணசேகர் மேலே வந்து, “இது வேணாம்ணா, ரொம்ப அதிருது. வேற காட்டுங்க” என்றார்.

அடுத்ததை மூவாயிரத்து எண்ணூறு என்று சொல்லி ஓடவிட்டார். மறுபடியும் ஆள் படியிறங்கினார். “மூவாயிரத்து ஐநூறு சார்!” என்று பச்சைமுத்து கத்தியதில் எதிர்க்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“சவுண்டு பரவால்ல. ஆனா மைக் சொருகற ஓட்டை இருக்கே, எக்கோ வேற இருக்கு” என்று திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார் குணசேகர். “அது ரெண்டும் இல்லாம ஒண்ணு குடுங்க.”

“இன்னா சார், மைக் இல்லாம இப்ப யார் சார் வாங்கறாங்க? பிள்ளைங்க பாடும், நாலு பேர் வந்தா ஜாலியா இருக்கும்.”

“மைக் மட்டும் வேணவே வேணாம்ணா.”

கடையில் இல்லாததைக் கேட்டால் இருப்பதன் விலை தானாக இறங்கும், ஆள் பலே கில்லாடி என்று பச்சைமுத்து உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். ஆனால் இந்த முறை அவரிடம் பதில் இருந்தது. பரண் மேல் நாலு வருடமாக விலைபோகாமல் கிடந்த ஒன்றை இறக்கி, சட்டைக் கையாலேயே தூசு தட்டி மேசையில் வைத்தார்.

குணசேகர் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம். முன்னால் வால்யூம், பேஸ், ட்ரெபிள் என்று மூன்றே திருகுகள், மைக்குக்கு இடமே இல்லை.

பாட்டு ஓடியதும் மூன்றாவது தடவையாகப் படியிறங்கினார். பச்சைமுத்துவுக்கு இனி மானம் மரியாதை பார்க்கத் தெம்பில்லை.

“மூவாயிரம்! சார், ரெண்டாயிரத்து எண்ணூறு! போணி சார், கைராசியா குடுத்துட்டுப் போங்க சார்!”

முகமெல்லாம் பல்லாக மேலே ஏறி வந்தார் குணசேகர். “இதாண்ணா நான் தேடினது! கிஃப்ட் பேப்பர் சுத்திக் குடுங்க. எவ்ளோ?”

“அதான் ரெண்டாயிரத்து எண்ணூறுன்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னேனே சார்.”

மறுபேச்சில்லாமல் பணம் வந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் பச்சைமுத்துவுக்கு மூச்சே சீராக வந்தது. “பேரம்னா இதான் சார் பேரம். வாயே தொறக்காம, மூணு தடவை படி எறங்கியே என்னை எங்க கொண்டுவந்து நிறுத்திட்டீங்க!”

“பேரமா?” குணசேகர் விழித்தார். “ஐயோ, நீங்க கத்துன வெலை எதுவும் என் காதுல விழலண்ணா. கீழ் வீட்டுக்கு எவ்ளோ சத்தம் வரும்னு கேக்கத்தான் போனேன்.”

பச்சைமுத்துவின் கை கிஃப்ட் பேப்பரிலேயே நின்றுவிட்டது. “உங்க வீட்ல பாட்டு கேக்கறதுக்கு, கீழ் வீட்டு சத்தம் எதுக்கு சார்?”

“எனக்கில்லண்ணா, கீழ நான் தூங்குற நேரத்துல மாடியில டெய்லி மைக் புடிச்சு கரோகே பாடுற எங்க ஹவுஸ் ஓனருக்கு!”