ஒன்பது நிமிடம்

காலை வெயில் காரின் முன்கண்ணாடியில் சுள்ளென்று அடிக்கிறது. பன்னிரண்டு வருடமாக இதே ஊரில் டாக்சி ஓட்டுபவன் யாரிடமும் வழி கேட்டதில்லை. இன்று பின்சீட்டில் அக்கா பிரசவ வலியில் துடிப்பதால், தன்னையே நம்பாமல் இரண்டு போன்களை மாட்டியிருக்கிறான். இடப்பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரிக்குப் பதினொரு நிமிடம் என்கிறது ஒரு மேப். நேரே போனால் ஒன்பது என்கிறது மற்றது. "எதையாவது ஒண்ணை நம்பித் தொலைடா," என்கிறாள் அக்கா, சீட் உறையைக் கசக்கியபடி. நேரே விடுகிறான். பாலத்தடியில் லாரிகள் அசையாமல் நிற்கின்றன. பின்னாலும் வண்டிகள் வந்து அடைத்துக்கொள்கின்றன. "முடிந்தால் திரும்பவும்," என்று அவன் நம்பாத போன் பதவிசாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரண்டு திரையிலும் எண் பதினேழுக்கு ஏறுகிறது. "இன்னும் எவ்வளவுடா காட்டுது?" "அதே ஒன்பதுதான்க்கா," என்கிறான், ஒரு திரையை உள்ளங்கையால் மூடியபடி. மற்றதை மூட அவனுக்குக் கை மிச்சமில்லை. இன்னொரு கை ஹாரனை அழுத்திக்கொண்டிருக்கிறது.