எட்டில் ஒரு பங்கு தண்ணீர்

மெரில் நெளிதகரத் தொட்டியை மேலிருந்து கீழாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வருகிறாள். வெறுமையாக ஒலிக்கும் தகரம் அடியில்தான் கனத்து ஒலிக்கிறது. எட்டில் ஒரு பங்கு, இரண்டாயிரம் லிட்டர். வெயிலில் மேய்ச்சல் நிலம் வெளுத்துக் கிடக்கிறது. "லாரி வர பதினஞ்சு நாளாகும், மெரில். தாங்குமா?" என்று கைபேசியில் கேட்கிறான் தண்ணீர் லாரி ஓட்டும் பெர்ட். "குளிக்காம இருந்தா தாங்கும். உனக்குத்தான் அது பழக்கமாச்சே!" அவன் சிரிக்கிறான். அவள் தொட்டியின் தூசியில் விரலால் கணக்குப் போடுகிறாள். நாளுக்கு இருநூறு லிட்டர் என்றால் பத்து நாள்தான் வருகிறது. மறுபடி வகுக்கிறாள், அதே பத்து. "நிஜமாவே தாங்குமா?" என்கிறான் பெர்ட். இருநூறு என்பது இரண்டு பேருக்கான கணக்கு. கணவன் ரஸ்ஸை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகிறது. அவள் இருநூறை அழித்துவிட்டு நூறு என்று எழுதுகிறாள். "இருபது நாள் வரும், பெர்ட்," என்கிறாள். "தாராளமா வரும்."