டேஷ்போர்டில் ஒரு வெளிச்சம்

ஒஹாயோவின் சனிக்கிழமைக் காலை வெயில், திறந்த கராஜுக்குள் என் பழைய காரின் கதவுவரை வந்து நிற்கிறது. மணியையும், எரிபொருள் இன்னும் எத்தனை மைலுக்கு வரும் என்பதையும் காட்டும் டிரிப் கம்ப்யூட்டர் மூன்று மாதமாகச் செத்துக் கிடக்கிறது. நான் ஃபியூஸ் மாற்றினேன், ஒயர் மாற்றினேன், பலனில்லை. இன்று பக்கத்து வீட்டு டுவேன் அதைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறான். இதுவரை கராஜில் கால் வைக்காத என் மனைவி லோர்னா அவனுக்கு டார்ச் பிடிக்கிறாள். அவள் கூந்தல் அவன் தோளில் உரசுகிறது.

"இதோ பாரு, ஈயப் பற்று விட்டிருக்கு. மயிரிழை விரிசல்," என்கிறான் டுவேன்.

"எப்படித்தான் உன் கண்ணுல பட்டுச்சோ! வெர்ன், நீ கண்ணாடிய மாத்துப்பா," என்கிறாள் லோர்னா என்னிடம். இருவரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், இறுக்கிய உள்ளங்கையில் அவன் கழற்றித் தந்த திருகாணி குத்துகிறது. சால்டரிங் அயர்ன் தொட்டதும் ஈயம் மின்னி உருகுகிறது, மெல்லிய புகை எழுகிறது. பெட்டியைப் பொருத்திச் சாவியைத் திருப்புகிறான். ஆரஞ்சு நிற எண்கள் விழித்துக்கொள்கின்றன. லோர்னா கைதட்டுகிறாள்.

"நேரம் வச்சுட்டா முடிஞ்சுது. மணி என்ன, வெர்ன்?" என்கிறான், பொத்தானில் விரலை வைத்தபடி.

நான் சட்டைக்கையை மேலே தள்ளுவதற்குள் லோர்னா அவனுடைய இன்னொரு கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "பத்து இருபது," என்று கடிகாரத்தைப் படிக்கிறாள். படித்த பிறகும் அந்தக் கையை விடவில்லை.