சடையைப் பிடித்த கை

"ஏக்கா, ஆத்துல உழுந்தது நானு. அதை எப்படி உன்ற கதைன்னு சொல்லிப்போட்டே?"

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தாள் லோகப்பிரியா. சண்டை போடுவதற்கென்றே பல்லடத்திலிருந்து பஸ் ஏறிக் கோவைக்கு வந்திருந்தாள்.

அக்கா பிரவீனா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். 'நெசமா நடந்தது' என்று அவள் நடத்தும் ஆடியோ நிகழ்ச்சியில், வாரம் ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்ததைத் தன் குரலிலேயே சொல்ல வேண்டும். விதி ஒன்றே ஒன்றுதான், பொய் கூடாது. ஐம்பதாவது வாரம் என்பதால் இந்த முறை அவளே சொல்லியிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியாக வேண்டும். ஆசையாசையாகத் தங்கைக்கு முதலில் அனுப்பியதுதான் வினையாகிவிட்டது.

"உனக்கு அப்ப நடக்கவே தெரியாதுடி. கொடுமுடியில உழுந்தது நான்தான்."

"அப்புறம் எனக்கு எப்படி எல்லாம் நெனப்பிருக்குது? போடு, கேக்கலாம்."

பிரவீனா ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவை ஓடவிட்டாள்.

'...மேல வெயிலு பச்சையா ஆடுது. சத்தமே இல்லை. பயமும் இல்லை. என்ற ரிப்பன் அவுந்து, கண்ணு முன்னால மெதுவாப் போகுது. அப்ப, பச்சை வளையல் போட்ட ஒரு கை...'

"என்ற சடையைப் புடிச்சுது," என்றாள் லோகப்பிரியா, கண்களை மூடிக்கொண்டு. "படிக்கட்டுல ஏத்தி உட்டுது. அந்தக்கா சிரிச்சுட்டே பாவாடையப் புழிஞ்சுபோட்டு, மணல்ல நடந்து போயிட்டாங்க. திரும்பியே பாக்கலை."

பதிவிலும் அடுத்து அதேதான் வந்தது. ஆனால் பாவாடையைப் பிழிந்ததை மட்டும் பிரவீனா அதில் சொல்லியிருக்கவில்லை. அவள் பதிவை நிறுத்தினாள். கோபம் வந்தது. முப்பது வருடமாகத் தன் தூக்கத்தில் மட்டும் வரும் அந்த ஈரப் பாவாடை இவளுக்கு எப்படித் தெரியும்?

"இது வெளிய வந்துச்சுன்னா, இனி இந்த ஊட்டுப் படி ஏற மாட்டேன்."

"நான் சொன்னது பொய்யின்னா நிகழ்ச்சியையே நிறுத்திப்போடறேன். வா, அம்மாவைக் கேப்போம்."

கேட்கப் போக வேண்டியிருக்கவில்லை. அம்மா மயிலாத்தாள் உரித்துக்கொண்டிருந்த அவரைக்காய் முறத்தோடு கதவருகில் நின்றிருந்தாள். கொடுமுடிக்குக் காவிரியில் குளிக்கப் போகும்போதெல்லாம் மகள்களுக்கு வலிக்க வலிக்கச் சடை பின்னிவிடுவாள். அவள் மட்டும் முதல் படியைத் தாண்டி இறங்க மாட்டாள்.

"அம்மா, ஆத்துல உழுந்தது யாருங்?"

"இன்னொருக்கா போடு கண்ணு."

போட்டாள். அந்த அக்கா மணலில் நடந்து மறையும்வரை மயிலாத்தாள் அசையாமல் கேட்டாள்.

"ரெண்டு பேருமே உழுகலை. நீங்க தூங்கோணும்னு, ஒரு நாளைக்கு உன்ற பேரு, ஒரு நாளைக்கு அவ பேரு போட்டு நான் சொன்ன கதை அது."

பிரவீனாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப எல்லாம் பொய்யாம்மா?" என்றபடி பதிவை அழிக்கப் போனாள்.

மயிலாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசந்தான் சாமி. உழுந்தது நானு. சடையைப் புடிச்சு ஏத்தி உட்டது எங்கக்கா. அவ மேல வரவே இல்லை. மணல்ல நடந்து போறது மட்டுந்தான் நான் சேத்துனது... அதை வெட்டிப்போடாதே அம்மணி."